இடுப்புக்குப் பதில் நாலு சக்கரம்

கறம்பக்குடி
ஞாயிறு காலை

அன்புள்ள இலக்கியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் எழிலும் நறுமுகையும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இருக்கிறீர்கள் என்று எழுதாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய், உன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, இந்தக் கடிதமே அதற்காகத்தான். தினமும் வீடியோவில் பார்த்துக்கொள்கிறோமே, இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிக்கலாம். வீடியோவில் உன் பக்கம் மாப்பிள்ளை இருக்கிறார், என் பக்கம் உன் அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பேரனுக்குச் சேவலைக் காட்டிக்கொண்டிருக்கிறார், அரிமளத்திலிருந்து உன் மாமியாரும் அதே அழைப்பில் சேர்ந்துகொள்கிறார். ஐந்து பேருக்கு நடுவில் பேசக்கூடிய பேச்சு இல்லை இது. பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மாள் மகள் பாசிலா வியாழக்கிழமை சிங்கப்பூர் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வத்தல் பொட்டலமும் இருக்கும், அதை மாப்பிள்ளையிடம் கொடு, கடிதத்தை நீ மட்டும் படி.

போன மாதம் மூன்று வண்டிகளின் படம் அனுப்பி, பிள்ளைகளை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகிற வண்டி, ஊருக்கு வரும்போது கொண்டு வரலாம் என்றிருக்கிறேன், எதும்மா நல்லா இருக்கு என்று கேட்டிருந்தாய். நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, சக்கரம் எப்படி, பிடி எப்படி என்று பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, வேண்டாம்மா, விட்டுரு, நானே தூக்கிக்கிறேன் என்று அடுத்த செய்தி வந்தது. அதற்குக் கீழே ஒன்றை அனுப்பி உடனே அழித்தும் விட்டாய். அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன் இலக்கியா. டாக்டர் கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அடிவயித்துல ஏதோ இறங்குற மாதிரி இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதம்மா என்று எழுதியிருந்தாய். ஒரு மாதமாக எனக்குள் வைத்திருக்கிறேன். நீ அழித்ததற்காகவாவது கேட்கக் கூடாது என்று முதலில் நினைத்தேன். பிறகு வீடியோவில் நீ தும்மும்போது காலைப் பின்னிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். அப்படி நிற்பது எதனால் என்று எனக்குத் தெரியும், பதினைந்து வருஷம் நான் அப்படித்தான் நின்றேன்.

வேண்டாம் என்று நீ முடிவு செய்தது உன் புத்தியால் இல்லை என்பதும் தெரியும். மே மாதம் அரிமளத்துக் குலதெய்வம் கோயிலில் நறுமுகைக்கு முடியிறக்கி, இரண்டு பேருக்கும் தம்பி மடியில் வைத்துக் காதுகுத்து என்று பேசியானதும் உன் மாமியார் உன்னிடம் பேசிய கையோடு எனக்கும் போன் போட்டார். ரோட்டுல காரை விட்டு எறங்கி, தலப்பிள்ளையக் கையில புடிச்சு, சின்னதை இடுப்புல வச்சு, அவ நடந்து கோயிலுக்கு வரணும், எங்க வீட்டு மருமக எல்லாரும் அப்பிடித்தான் வந்தோம், வண்டியில வச்சு இழுத்துட்டு வந்தா தாய்க்கு இடுப்பு இல்லையான்னு ஊரு கேக்கும் என்றார். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் மேலேயே கோபம் வந்தது. வகுப்பில் ஐம்பது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன், ஒரு போனில் சரி சரி என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

அந்தக் கோபத்தில்தான் வண்டி விஷயத்தை உன் அப்பாவிடம் சொன்னேன், உன் உடம்பைப் பற்றி இல்லை, வண்டியைப் பற்றி மட்டும். படத்தைப் பார்த்தார், விலையைப் பார்த்தார். இந்த விலைக்குக் கன்னோட பசுமாடு வரும், நம்ம செம்மல்கிட்டச் சொன்னா ரெண்டு நாள்ல அடிச்சுத் தருவான் என்று கிளம்பிவிட்டார். செம்மலை உனக்குத் தெரியும், கடைவீதியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். படத்தைக் காட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை, உன் அப்பா போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய் வாயால் சொல்லியிருக்கிறார். ரெண்டு பேரு உக்காரணும், மேல வெயில் படாமக் கூரை வேணும், நாலு சக்கரம், முன்னால புடிச்சு இழுக்கணும் என்று. என்னண்ணே விசேஷம் என்று செம்மல் கேட்டதற்கு, மே மாசம் கோயிலுக்குப் போறோம் என்று வேறு சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டறையில் வருஷா வருஷம் இந்தப் பக்கத்துக் கோயில்களுக்கெல்லாம் சப்பரம் செய்கிறார்கள். நீயே யோசித்துப் பார், உன் அப்பா சொன்னதில் சப்பரத்துக்கு என்ன குறைகிறது.

ஆறாம் நாள் டாட்டா ஏஸில் வந்து இறங்கியது. நான்கு தூண், மேலே கூம்பு வைத்த தகரக் கூரை, பின்னால் அரைவட்டத்தில் ஒரு திருவாசி, மாலை மாட்டக் கொக்கி, சீரியல் லைட் ஓட்டத் துளைகூடப் போட்டிருந்தார். இறக்கவே மூன்று ஆள் வேண்டியிருந்தது. வாசல் கேட்டில் நுழையவில்லை. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்க, உன் அப்பா தோற்றதை ஒத்துக்கொள்ளாமல், கனம் தாங்குதான்னு பாப்போம் என்று எழில் எடைக்கும் நறுமுகை எடைக்கும் சேர்த்து ஓர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்து, கொட்டிவிடக் கூடாதென்று அதன் மேல் என் மஞ்சள் சேலை ஒன்றைச் சுற்றி, தெருவில் இழுத்துக்கொண்டு போனார். மாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம் அது, பொழுது சாய்கிற நேரம். முக்கு வீட்டு மருதாயி வெளியே வந்து பார்த்தவள் உள்ளே ஓடினாள். குடத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றி, தேங்காய் பழத் தட்டோடு உன் அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று, என்ன சேவுகண்ணே, முன்கூட்டிச் சொல்ல மாட்டியளா, ஒரு கொட்டு இல்ல மேளம் இல்ல, சாமிய இப்பிடியா அனாதையாட்டம் கொண்டாருவிய என்று சத்தம் போட்டாள். உன் அப்பா விளக்கம் சொல்வதற்குள் பின்னால் இன்னும் இரண்டு வீட்டில் சூடம் ஏற்றிவிட்டார்கள். தம்பிதான் சேலையை விலக்கி மூட்டையைக் காட்டினான். மருதாயி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பொன்னி அரிசியா, சரி, ஏத்துனது ஏத்தியாச்சு, அதுக்கே காட்டிர்றேன் என்று சூடத்தைக் காட்டிவிட்டுப் போனாள். தெருவே சிரித்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரிக்க எனக்கு இப்போது பயமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

அன்று அந்த வண்டியை கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மனை நாம் சக்கரத்தில் வைத்துத்தான் இழுக்கிறோம். வெயில் படாமல் கூரை போடுகிறோம், மேட்டில் உருண்டுவிடாமல் கட்டை போடுகிறோம், மெதுவாக, மெதுவாக என்று கத்துகிறோம். தூக்கிச் சுமக்க யாருக்கும் இடுப்பில்லையா, தோளில்லையா என்று ஊர் கேட்கவில்லை. ஒரு பெண் தன் இரண்டு பிள்ளைகளை அதே மாதிரி கூட்டிக்கொண்டு போனால் மட்டும் அன்பு குறைந்துவிட்டது என்கிறார்கள். இதற்கு எனக்கு யாராவது பதில் சொல்லட்டும்.

நாலு நாள் கழித்து உன் மாமியார் காதுகுத்துத் தேதியை உறுதி செய்ய வந்தார். வேப்ப மரத்தடியில் நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இது யாருக்கு என்றார், உங்க பேரப்பிள்ளைகளுக்கு அடிச்சது, தப்பா வந்துருச்சு என்றேன். முகம் மாறிவிட்டது. காப்பியைக்கூடக் கையில் வாங்காமல், நாந்தான் அன்னைக்கே சொன்னேனே, அப்பறமும் வண்டி பேச்சு ஓடுதா, நாங்கள்லாம் ஒண்ணு இடுப்புல ஒண்ணு வயித்துலன்னு தலையில கூடையோட வரப்புல நடந்தவக, இப்ப உள்ளதுகளுக்கு ரெண்டு பெத்தவொடன வண்டி கேக்குது என்றார். அப்பா, என்னைப் பார்க்காதே என்பது போல முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த முறை நான் சரி சரி என்று சொல்லவில்லை.

உன் விஷயத்தைச் சொல்லவில்லை, பயப்படாதே. அது உன்னுடையது. என் விஷயத்தைச் சொன்னேன். நானும் நடந்தவதான் அத்தாச்சி, எனக்கு இருபத்திரண்டு வயசுல இடுப்புல இலக்கியா, வயித்துல சந்தோஷ்குமாரு, கையில தண்ணிக்குடம், அதுல எனக்குக் கெடைச்ச பரிசு என்னன்னு தெரியுமா, கர்ப்பப்பை எறங்கி வெளிய வந்துருச்சு, பதினஞ்சு வருஷம் அதைத் துணியை வச்சு அடக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன், முப்பத்தொம்பது வயசுல எடுத்தாங்களே, அது கட்டி இல்ல அத்தாச்சி, கட்டின்னு பொய் சொன்னேன் என்றேன். கடைசியில், எம்மக நடந்து வருவா, புள்ளைக வண்டியில வரும், அதுல ஒங்களுக்குக் கொறைச்சல்னா வண்டியை நான் இழுக்குறேன், ஊரு கேக்குறதை என்னையக் கேக்கட்டும் என்றும் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அப்பா அங்கேயே நிற்பது நினைவுக்கு வந்தது. அவருக்கும் அன்றுதான் தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை நான் தொடுவதற்குள் அவர் எடுத்துவிடுகிறார், எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வேறு ஏதாவது பேச்சுப் பேசுகிறார்.

உனக்கும் இதைப் பொய்யாகத்தான் சொல்லியிருந்தேன், அதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீ அப்போது பிளஸ் டூ, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வேதியியல் படித்தாய். என்ன கட்டிம்மா, எவ்வளவு பெரிசு என்று கேட்டாய், எலுமிச்சம்பழம் அளவு என்றேன். ஏன் அப்படி மறைத்தேன் என்று இந்த ஒரு மாதம் யோசித்துப் பார்த்தேன். வெட்கம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கிறது. வனிதா ரெண்டு பிள்ளையையும் ஒரே நேரத்துல தூக்கிக்கிட்டு பஸ் ஏறுவா என்று தெருவில் சொல்வார்கள், அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. டிகிரி வாங்கிய கையோடு கல்யாணமாகி வந்தவளுக்கு அந்த ஒரு பாராட்டுதான் கிடைத்தது. அதற்காகவே தூக்கினேன், இறக்கிவிட்டால் பேர் போய்விடும் என்று தூக்கினேன். நீ வேண்டாம்மா, நானே தூக்கிக்கிறேன் என்று எழுதியதில் எனக்கு என் குரல் கேட்டது, அதுதான் பொறுக்கவில்லை. உனக்கு என் மூக்கு வந்திருக்கிறது, என் கையெழுத்து வந்திருக்கிறது, அதோடு போதும்.

அன்று நான் சொல்லி முடித்ததும் உன் மாமியார் வெற்றிலையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார். தேதியை மட்டும் சொன்னார், மே இருபத்திநாலு. நான் கேட் வரை கூடப் போனேன். ஆட்டோவில் ஏறப்போனவர் காலைத் திரும்பக் கீழே வைத்து, அப்பா நிற்கிறாரா என்று உள்ளே பார்த்துவிட்டு, சத்தமில்லாமல், எந்த ஆஸ்பத்திரியில பாத்திய, பொம்பளை டாக்டரா என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது. தஞ்சாவூர்ல, பொம்பளை டாக்டர்தான், நான் கூட வாரேன் என்றேன். அவர் தலையாட்டினாரா இல்லையா என்று தெரியவில்லை, ஆட்டோ கிளம்பிவிட்டது. அறுபது வயது, எத்தனை வருஷமாக இப்படி இருக்கிறாரோ. வரப்பில் நடந்தவக என்று அவர் சொன்னபோது அது பெருமையா வலியா என்று நான் யோசிக்கவே இல்லை. இது உனக்குத் தெரியும் என்று அவரிடம் நீ காட்டிக்கொள்ளக் கூடாது, மாப்பிள்ளையிடமும் சொல்லாதே, அவரே சொல்லட்டும். ஆனால் ஒன்று, அவர் மேல் இரக்கம் வந்ததால் வண்டி விஷயத்தில் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைக்காதே. இரக்கம் வேறு, வண்டி வேறு. அடுத்த வாரம் அவரைத் தஞ்சாவூர் கூட்டிப் போகத்தான் போகிறேன், மே மாதம் அவர் கண் முன்னால் வண்டியும் வரத்தான் போகிறது.

இனி எந்த வண்டி என்பதற்கு வருகிறேன், நான் சும்மா சொல்லவில்லை, போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன சனிக்கிழமை ஸ்கூட்டியில் அரிமளம் போனேன். கார் நிற்கிற புளியமரத்திலிருந்து கோயில் வாசல் வரை என் நடையில் ஆயிரத்து நூற்று நாற்பது எட்டு. முதல் பாதி கெட்டிச் செம்மண், கண்மாய்க் கரை தாண்டியதும் மணல், கணுக்கால் புதையும். நம் பழைய சக்கரப் பெட்டியில் பருப்பும் சீனியுமாகப் பதினைந்து கிலோ வைத்துக் கொண்டுபோயிருந்தேன், சின்னச் சக்கரம் எப்படிப் போகிறது என்று பார்க்க. மணலில் இருபது எட்டு வைப்பதற்குள் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது, உழுகிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஏந்தாயி, புருசங்கிட்டக் கோவிச்சுக்கிட்டுப் போறியளா, பஸ்ஸு அங்கிட்டுல்ல வரும் என்றார். இல்லைங்க, சக்கரம் பாக்குறேன் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

அதனால் முதல் படத்தில் உள்ளது வேண்டாம், அது சிங்கப்பூர் நடைபாதைக்குச் சரி, மணலுக்கு ஆகாது. மூன்றாவதில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள், அகலம் அதிகம், கோயில் வாசலில் இரண்டு கல்தூணுக்கு நடுவே முப்பத்துநான்கு அங்குலம்தான் இருக்கிறது, டேப் வைத்து அளந்தேன். இரண்டாவதுதான் சரி, பெரிய அகலச் சக்கரம், எதிரெதிரே உட்காரும் இருக்கை, இழுக்கவும் செய்யலாம், தள்ளவும் செய்யலாம். மணலில் முன்னால் போய் இழுப்பதுதான் சுலபம், கெட்டித் தரையில் தள்ளு, பிள்ளைகள் முகம் தெரியும். வாங்குமுன் கடைக்குப் போய் எழிலையும் நறுமுகையையும் உள்ளே உட்கார வைத்து ஒரு சுற்று இழுத்துப் பார், படத்தை நம்பாதே. இரண்டு பேருக்கும் தனித்தனி பெல்ட் இருக்க வேண்டும், காலால் அழுத்துகிற பிரேக் இருக்க வேண்டும், நின்றால் உடனே பிரேக், கண்மாய்க் கரை சரிவு என்பதை மறக்காதே. கைப்பிடியில் பையை மாட்டாதே, சின்னது எழுந்து குதித்தால் பின்னால் சாய்ந்துவிடும். மே வெயிலில் பெல்ட்டின் கொக்கி நெருப்பாகச் சுடும், அதற்கு ஒரு துணி சுற்றி வை. கூரை இருந்தாலும் உள்ளே காற்றுப் போகிறதா என்று உன் கையை விட்டுப் பார்த்துக்கொள். எழில் தங்கையின் காலை மிதிப்பான், நடுவில் ஒரு தலையணை போடு. மடக்கினால் நம் காரின் டிக்கியில் போகுமா என்றும் அளந்துவிட்டேன், நீளம் நாற்பது அங்குலத்துக்குள் இருந்தால் போகும். விமானத்தில் எப்படி ஏற்றுவது என்பதை மாப்பிள்ளை கேட்டுக்கொள்ளட்டும், மடக்கின வண்டியையும் அவரே தூக்கட்டும், நீ தொடக் கூடாது.

நறுமுகை தூக்கச் சொல்லி அழுதால் என்ன செய்வது என்று கேட்பாய். உட்கார்ந்து மடியில் எடுத்துக்கொள். மடிக்கு டாக்டர் தடை போடவில்லை. அங்கே அந்த டாக்டர் சொன்ன உடற்பயிற்சியை விடாதே, ஆரம்பத்திலேயே பார்த்துக்கொண்டால் என் அளவுக்குப் போகாது என்று என் டாக்டர் அன்றே சொன்னார், மாப்பிள்ளையிடமும் இதை மறைக்காதே. அரவிந்த்குமார் நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பார். சொல்லாமல் இருந்தால் அவருக்கும் உன் அப்பாவுக்கு வந்த நாள் ஒன்று வரும், ஒன்பது வருஷம் கழித்து முற்றத்தில் நின்று கேட்கிற நாள். அதை அவருக்குக் கொடுக்காதே.

செம்மல் அடித்த சப்பரத்தை என்ன செய்தோம் என்று கேட்கவில்லையே. மருதாயி அதற்குச் சூடம் காட்டியதால் பழைய இரும்புக்குப் போட அப்பாவுக்கு மனசில்லை. பச்சை பெயின்ட் அடித்துத் தண்ணீர்க் குடம் ஏற்ற வைத்திருக்கிறார், ஆறு குடம் பிடிக்கிறது. தெருக்குழாயிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறார், யாராவது கேட்டால், எங்க வீட்டுப் பொம்பளைக இனிமே சுமக்க மாட்டாகப்பா என்கிறார். அதைக் கேட்க உன் மாமியாரும் ஒருநாள் வர வேண்டும்.

ஆத்தா, உன் கணவரோடும் பிள்ளைகளோடும் நூறு வருஷம் நிமிர்ந்து நட. மாரியம்மன் துணை இருப்பாள், அவளும் சக்கரத்தில் வருகிறவள்தான். எழிலுக்கும் நறுமுகைக்கும் என் முத்தம். கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடாதே, பத்திரமாக வை, நாளைக்கு நறுமுகை படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வனிதா

மறந்துவிட்டேன். வாங்குவதானால் சாம்பல் நிறம், கண்ணை உறுத்தாது என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தாய். சிவப்பு இருந்தால் சிவப்பு வாங்கு. கண்மாய்க் கரையில் ஏறும்போதே கோயில் வாசலில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியட்டும்.